அண்ணாச்சியின் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு

சட்டமன்ற உறுப்பினர்களிடம் புதிதாக பி.ஏ. வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருபத்திரண்டு பேரும் மாட்டுங்காவில் கூட்டம் போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். அந்த மண்டபத்துக்கு நாற்பத்து மூன்று படிகள். லிஃப்ட் இருக்கிறது என்றீர்கள். போன மாதம் அதே லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே பதினேழு நிமிடம் இருந்தேன். ஆகவே எழுதி அனுப்புகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படியுங்கள். படிக்கும்போது எத்தனை பேர் மொபைலைப் பார்க்கிறார்கள் என்பதை இன்னொருவர் எண்ணிச் சொன்னால் எனக்கு உபயோகமாக இருக்கும்.

கடிதம் எப்படித் தட்டுவது, எந்தத் துறை எந்த மாடி என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் மொபைலே சொல்லும். மொபைல் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நம் வேலை பார்வைக்குக் கடிதம் எழுதும் வேலை. உண்மையில் அது யாருக்கு ஆமாம், யாருக்கு இல்லை என்று பிரிக்கும் வேலை. அந்தப் பிரிப்பில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். மற்ற தவறுகளும் உண்டு. பெரியவை மட்டும் பதினொன்று. அவற்றுக்கு இப்போது இடமில்லை.

நான் இருபத்தேழு ஆண்டுகள் ஒரே ஆளிடம் இருந்தேன். சட்டசபைக்காரர்கள் அவரை சாகேப் என்பார்கள். தாராவிக்காரர்களுக்கு அவர் அண்ணாச்சி. பிறந்தது தாராவி என்றாலும், நேற்றுத்தான் திருநெல்வேலியிலிருந்து ரயில் இறங்கியவர் போலப் பேசுவார். ஆறு தேர்தலில் நின்றார், ஐந்தில் வென்றார், அதற்குள் மூன்று சின்னங்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அவருக்கே சில சமயம் மேடையில் சந்தேகம் வரும். அவையில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு முறை எழுந்து பேசியிருக்கிறார். அதில் நாற்பது முறை எழுந்தது மைக் வேலை செய்யவில்லை என்று சொல்ல.

ஆனால் நெருக்கடியில் அவரைப் போல் தலை வேலை செய்த ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் ஏழு கல்யாணம், மூன்று சாவு. நான் குழப்பிவிட்டேன். செம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவர் போய் இறங்கும்போது கார் டிக்கியில் இருந்தது மலர்வளையம். பூங்கொத்து சாவு வீட்டுக்குப் போய்விட்டது. மண்டப வாசலில் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது, பின்வாங்க முடியாது. அண்ணாச்சி காருக்குள்ளேயே உட்கார்ந்து வளையத்தைப் பிரித்தார். பூக்களை ஒரு துண்டில் அள்ளிக்கொண்டு இறங்கி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு பூ கொடுத்தார். பெண் வீட்டார் அதை இன்றுவரை பெருமையாகச் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது திட்டப்போகிறார் என்று நான் சுருங்கி உட்கார்ந்திருந்தேன்.

"வே சாமி," என்றார். "அடுத்த தடவ வளையத்தக் கொஞ்சம் பெருசா வாங்கும். நாலு புள்ளையளுக்குப் பூப் பத்தல."

அவ்வளவுதான் திட்டு. தவறு நடந்தவுடன் யார் செய்தது என்று கேட்பவரிடம் வேலை பார்த்தால் நீங்கள் பொய் சொல்லக் கற்றுக்கொள்வீர்கள். கேட்காதவரிடம் வேலை பார்த்தால் தைரியம் வரும். எனக்குத் தைரியம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. அதுதான் கதை.

கோடு எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். அண்ணாச்சி முதல் முறை வென்ற வருடம் குளிர்காலத்தில் மட்டும் நாக்பூரில் நடக்கும் கூட்டத்தொடருக்காகப் போயிருந்தோம். எம்.எல்.ஏ. விடுதி கேன்டீனில், ஏழு முறை வென்ற ஒரு கிழவர் அவல் உப்புமாவைக் கிளறியபடி அண்ணாச்சிக்கு ஞானோபதேசம் செய்தார். எங்கள் கட்சியும் இல்லை, எங்கள் ஊரும் இல்லை. தன் பேரை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "உன் வாய் எப்போதும் ஆமாம் என்றே சொல்ல வேண்டும்," என்றார். "இல்லை என்று சொல்லத்தான் பேனா இருக்கிறது." தன் கையெழுத்துக்குக் கீழே அவர் ஒரு கோடு இழுப்பாராம். கோடு இருந்தால் அதிகாரிக்கு அர்த்தம், இந்த ஆளுக்குக் காரியம் நடக்க வேண்டும். கோடு இல்லையென்றால், வந்தார், கேட்டார், எழுதிக் கொடுத்தேன், இனி உங்கள் பாடு.

அண்ணாச்சி அன்றே பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட சீட், ஆஸ்பத்திரி படுக்கை, தண்ணீர்க் குழாய் என்று ஒரு நாளைக்கு நாற்பது பேர் கடிதம் கேட்டு வருவார்கள். நாற்பதுக்கும் கையெழுத்து, ஆறுக்கு மட்டும் கோடு. ஆறுக்கு மேல் போனால் கோட்டுக்கு மரியாதை போய்விடும் என்பது அவர் கணக்கு. வந்தவர் எதிரில் அவர் "சாமி, நல்லா எழுதிக்குடும்" என்றால் அது சிவப்பு ஃபைலுக்குப் போகும், கோடு விழும். வெறுமனே "எழுதிக்குடும்" என்றால் பச்சை ஃபைல். நாற்பது பேரும் சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். முப்பத்து நான்கு பேருடைய நன்றி வீண்.

அவருக்கு வயதும் கூட்டமும் ஏற ஏற, எதிரில் உட்கார்ந்து கேட்க நேரமில்லாமல் போயிற்று. எந்தக் கடிதம் எந்த ஃபைல் என்பதை நானே முடிவு செய்யத் தொடங்கினேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே சிவப்பில் ஆறு, பச்சையில் மீதி என்று பார்க்காமல் போட்டுத் தள்ளுவார். இதை அதிகாரம் என்று நான் நினைக்கவில்லை. வேலைப் பளு என்றுதான் நினைத்தேன். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கேயே விழித்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து முடிவு செய்வது? எண்ணுவது என் பழக்கம். தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எங்களுக்கு எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கடிதம் கேட்டு வருபவரின் முகவரியைப் பார்ப்பேன், எந்த பூத் என்று பார்ப்பேன், நோட்டைப் புரட்டுவேன். நிறையப் போட்ட பூத் என்றால் சிவப்பு, குறைவு என்றால் பச்சை. கோடு யாருக்குப் போயிற்று என்பதையும் அதே நோட்டில் குறித்துவிடுவேன். கட்சிக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. நான்கு ஆண்டுகள் இப்படி ஓடிற்று. சீரான, பாரபட்சமற்ற முறை என்று எனக்குள் பெருமை வேறு.

அப்போதுதான் தாராவியில் எங்கள் பக்கத்துச் சந்துகளைச் சர்வே எடுத்தார்கள். குடிசைக்குப் பதில் வீடு தர, தகுதிப் பட்டியல். சர்வேக்காரர்கள் வந்த சமயம் வீடு பூட்டியிருந்தால் பட்டியலில் 'பூட்டு' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பூட்டு என்றால் வீடு கிடையாது. மேல்முறையீட்டுக்குச் செம்பூரில் ஓர் அலுவலகம், ஒரு தேதி. அந்தத் தேதியோடு பட்டியல் மூடப்படும்.

அந்தத் தேதியன்று காலை பத்தரை மணிக்கு ஒரு பெண்மணி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். பேர் மைமூன். ஐம்பது வயதிருக்கும். கீழே தோல் பை தைக்கும் பட்டறை, மேலே இரும்பு ஏணி வைத்துக் குடியிருப்பு. கணவர் இறந்தபின் தனியாக நடத்துகிறார். மகள் பிரசவத்துக்காக, அவள் வீடு இருக்கும் கோபர்கைரனேயில் பதினொரு நாள் தங்கிவிட்டு வந்தபோது இவர் வீடு 'பூட்டு' ஆகியிருந்தது. அதற்கு முந்தைய வாரம் எங்களிடம் கடிதம் வாங்கிப் போனவர். அண்ணாச்சி நாக்பூரில் இருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும்.

கடிதத்தை மேஜையில் விரித்து வைத்தார்.

"சார், இதுல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன விட்டுப்போச்சு? பேர் இருக்கு, வீட்டு நம்பர் இருக்கு, அண்ணாச்சி கையெழுத்து இருக்கு."

"கோடு இல்ல."

நான் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தேன். "எந்தக் கோடு?"

"சார், நீங்க படிச்சவுக. பொய் சொன்னா ஒங்களுக்குக் காது செவக்கு," என்றார் மைமூன். "எங்க சந்துல எல்லார் லெட்டர்லயும் கோடு இருக்கு. எனக்குத்தான் இல்ல."

"எல்லார் லெட்டர்லயுமா? இருக்காதே."

"ஜெராக்ஸ் கடையில போட்டுக் குடுக்காவ சார். ரெண்டு காப்பி எடுத்தா கோடு சும்மா."

எங்கள் அலுவலகத்துக்கு நான்கு கடை தள்ளி ஜெராக்ஸ் முருகேசன். பத்து வருடமாக எங்கள் கடிதங்கள் அத்தனையும் அவன் கண்ணாடியில் படுத்து எழுந்தவை. எந்தக் கடிதத்துக்குக் காரியம் நடந்தது, எதற்கு நடக்கவில்லை என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கேட்டு, சட்டசபை ரகசியத்தை ஒரு ஜெராக்ஸ் மிஷின் கண்டுபிடித்துவிட்டது. கோடு இல்லாதவர்களுக்கு நீல ஜெல் பேனாவால் சமூகசேவை செய்துகொண்டிருந்தான்.

எரிச்சலில் சொன்னேன்: "அப்போ நீங்களும் அங்கேயே போட்டுக்கலாமே? இங்க எதுக்கு வந்தேள்?"

"போட்டுக்கிடலாம். பேனா எங்கிட்டயும் கெடக்கு. ஆனா அது எனக்கு நானே போட்ட கோடுல்லா?" மைமூன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் ஏன் போடலன்னு தெரிஞ்சுக்கிடணும் சார். எங்கிட்ட என்ன கொற கண்டிய?"

அவர் பூத்தில் எங்களுக்கு விழுந்தது முப்பத்தெட்டு. இதை எப்படி ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்வது? எத்தனையோ பேருக்கு நான் இல்லை சொல்லியிருக்கிறேன், ஒருவர் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு அவருக்கு விசாரணை. அது போனால் அந்தப் பட்டறை, ஏணி, மேலே உள்ள அறை எல்லாம் போயிற்று.

நாக்பூரில் அவை பதினொன்றுக்குத் தொடங்கும். பத்து ஐம்பதுக்கு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"சொல்லும்வே. ஆரு செத்தா?"

"யாரும் சாகல அண்ணாச்சி. கோடுதான் செத்துப்போச்சு."

முருகேசன் சேவையைச் சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார். லாபியில் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "அந்தப் பயல நம்ம கட்சியில சேத்துருவோமா? இத்தன வருசமா ஒரு பயலுக்கும் தெரியாதுன்னுல்லா நெனச்சேன்!"

பிறகு பூத் நோட்டைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"எத்தன நாளா?"

"நாலு வருஷமா."

"எம் பேருல?"

"ஆமாம் அண்ணாச்சி."

"அந்த பூத்துல எனக்கு எத்தன விழுந்துச்சு?"

"முப்பத்தெட்டு."

"அந்த முப்பத்தெட்டுல இந்தப் பொம்பள ஒண்ணா இல்லையான்னு நீரு கண்டீரா?"

பத்து ஆண்டுக்கு முன்பு மாட்டுங்கா ஸ்டேஷனில் வண்டி எத்தனை மணிக்கு எந்த பிளாட்பாரத்தில் வந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இது எந்த நோட்டிலும் நான் எழுதி வைக்காத கணக்கு.

"மணி அடிச்சிட்டான், உள்ள போணும்," என்றார். "நீரு செம்பூருக்குப் போவும். அங்க என்ன செய்யணும்னு என்ட்ட கேக்காதீரும். கேட்டா நான் எனக்கு எது நல்லதோ அதத்தான் சொல்லுவேன்."

போனை வைத்துவிட்டார். ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன்னைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

மைமூனோடு டாக்ஸியில் போனேன். வழியில் காரணத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு சிக்னல் பிடித்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓட்டுப் பெட்டிக்குள்ள போய்ப் பாத்தாப்புல எழுதி வச்சிருக்கிய," என்றார்.

விசாரணை அறையில் எங்கள் சந்துக்காரர்கள் எல்லோரும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலர் கடிதத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டார்கள். அதிகாரி ஒரு மராட்டியப் பெண், முப்பத்தைந்து வயதுக்குள். அவருக்குத் தமிழ் தெரியாது, பேச்செல்லாம் இந்தியில். ஆகவே அறையில் இருந்த அனைவருக்கும் அனைத்தும் புரிந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கட்டுக் கடிதத்தை மேஜையில் தட்டினார்.

"பி.ஏ. சாப், நீங்களே வந்தது நல்லதாயிற்று. உங்கள் சாகேப் ஒரு நாளைக்கு ஆறு கோடுதானே போடுவார்? ஒரே தேதிக் கடிதங்கள், முப்பத்தொரு கோடு. என்ன, கை நடுக்கமா அவருக்கு?"

"கோட்டைப் பற்றி உங்களுக்கு…"

"எனக்கு முன்பிருந்தவர் சாவிக்கொத்தைக் கொடுத்தார், அதோடு சேர்த்து இந்தக் கோட்டையும் சொல்லிவிட்டுப் போனார்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "உண்மையான ஆறு எது என்று நீங்கள் ஏதாவது நோட்டில் குறித்து வைத்திருப்பீர்களே. சொல்லுங்கள். அந்த ஆறு பேரை இன்றே சேர்த்துவிடுகிறேன். மற்றவர்கள் மோசடிக் கோட்டுக்காரர்கள். நிராகரித்துவிட்டுச் சாப்பிடப் போகிறேன்."

நோட்டு என் பையில்தான் இருந்தது. எடுத்து ஆறு பேரைப் படித்தால் ஐந்து நிமிட வேலை. அண்ணாச்சியின் கோட்டுக்கு இருந்த மரியாதை இரண்டு மடங்காகும். ஆனால் பொய்க் கோடு போட்ட இருபத்தைந்து பேரும் தெருவில் நிற்பார்கள், கோடே போடாத மைமூனும் அவர்களோடு. முப்பத்தொன்றும் உண்மை என்று சொல்லலாம். அதை அந்த அம்மாள் ஒரு விநாடிகூட நம்பமாட்டார், அப்போதும் மைமூன் வெளியேதான். எல்லாரும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைமூன் தாழ்ந்த குரலில், "உக்காருங்க சார், மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு," என்றார். எந்த உதவியும் கிடைக்காமல் நிற்பவர் எனக்கு நாற்காலி காட்டினார்.

நான் உட்காரவில்லை. "மேடம்," என்றேன், "உண்மையான கோடு என்று எதுவும் இல்லை. அந்த ஆறும் நான் பிரித்துக் கொடுத்தவை. யார் வீட்டையும் நான் போய்ப் பார்க்கவில்லை, எங்கள் சாகேபும் பார்க்கவில்லை. எங்களுக்கு வேண்டியவர் யார் என்பதுதான் அந்தக் கோடு. அங்கே யார் குடியிருக்கிறார் என்பது அதில் கிடையாது."

"அப்படியானால் முப்பத்தொன்றும் குப்பைக் காகிதம்?"

"முப்பத்திரண்டு. இந்த அம்மாளுடையதையும் சேர்த்து. கடிதங்கள்தான் குப்பை. வீடுகள் இல்லை. நீங்கள் போய்ப் பாருங்கள்."

அறையில் ஒரு கூச்சல் எழுந்தது. எழுந்து நின்றவர் பொன்னுச்சாமி. அந்தச் சந்தில் எங்கள் கட்சிக் கிளையே அவர்தான், கட்சிக்காரர் என்ற விலக்கில் கோடு வாங்கிய உண்மையான ஆறு பேரில் ஒருவர். "யோவ் பி.ஏ.!" என்றார். "ஒவ்வொரு மீட்டிங்குக்கும் நாப்பது பேரக் கூட்டிட்டு வாரேன். எங் கோடு செல்லாதா? எனக்கும் ஜெராக்ஸ் கடக் கோட்டுக்காரனுக்கும் ஒரே வெலையா?"

"நாப்பது பேரைக் கூட்டிண்டு வரேள் பொன்னுச்சாமி," என்றேன். "பூத்தில் விழுந்தது முப்பத்தெட்டு. ரெண்டு பேர் எங்கே போனா?"

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளாக அந்த இரண்டு எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் நிராகரித்துவிட அவருக்கு முழு அதிகாரம் இருந்தது. நான் ஆறு பேருக்கு உறுதியாகக் கிடைக்க இருந்ததையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கடிதக் கட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்த கூடையில் போட்டார். பேனாவை மூடினார்.

"ஆள் பற்றாக்குறை. சனிக்கிழமை எனக்கு விடுமுறை," என்றார். "பட்டியலைச் சனிக்கிழமை மாலைதான் மேலே அனுப்புவேன். காலை ஒன்பதுக்கு வருகிறேன். நீங்கள் முன்னால் நடந்து வழி காட்ட வேண்டும். ஒரு சந்தில் வழி தவறினாலும் திரும்பிவிடுவேன்."

சரி என்றேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த பூத்தின் எண், வாக்காளர் எண்ணிக்கை, பதிவானது, செல்லாதது எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தச் சந்துக்குள் அதுவரை ஒரு முறைகூட நான் கால் வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை போய் ஒத்திகை பார்த்தேன். மூன்று முறை வழி தவறினேன். முப்பத்திரண்டு வீட்டுக்கும் வரிசை எழுதிக்கொண்டு வெளியே வருவதற்குள் என் செருப்பில் ஒன்று சாக்கடைக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி நாக்பூரிலிருந்து வந்தார். வந்ததும் இரண்டு டீ குடித்தார். பிறகு, "இத்தன வருசமா ஆறு ஆறாச் சேத்து வச்ச மரியாத வே அது," என்றார். "ஒரே மத்தியானத்துல கூடையில போட்டுட்டு வந்துட்டீரே."

"நீங்கதானே என்னைக் கேக்காதீரும்னு சொன்னேள்."

"சொன்னேன். அதுக்காவ இப்படியா கேக்காம இருப்பீரு?" மூன்றாவது டீயை ஊதினார். "நாளைக்கு நானும் வாரேன்."

அவர் வந்தால் சந்து முழுக்க மாலையும் செல்ஃபியும் ஆகிவிடும், அதிகாரி திரும்பிவிடுவார் என்றேன். ஐந்து முறை வென்ற மனிதர் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து முனையில் ஒரு டீக்கடையில் கைக்குட்டையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மணி நேரத்தில் அறுபத்தொரு பேர் அவரை அடையாளம் கண்டு கடிதம் கேட்டார்கள்.

அதிகாரி ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு வந்திருந்தார். கூடவே ஒரு பெயின்டர். குடியிருப்பது உறுதியானால் கதவில் நம்பர் எழுதிவிடுவார்கள், அந்த நம்பர்தான் பட்டியல். ஒவ்வொரு வீட்டிலும் ஏறி, அடுப்பைத் தொட்டு, படுக்கையைப் பார்த்து, அக்கம்பக்கத்தைக் கேட்டார். நான் முன்னால் நடந்து எண்ணிக்கொண்டே போனேன். பொய்க் கோட்டுக்காரர்கள் இருபத்தைந்து பேரில் இருபத்தொரு பேர் மெய்யாகவே அங்கே குடியிருந்தார்கள். உண்மைக் கோட்டுக்காரர்கள் ஆறு பேரில் இரண்டு பேர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு விக்ரோலியில் இருந்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் கோடு வாங்கிக் கொடுத்தது நான். அதிகாரி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அந்த இரண்டு பேரையும் பட்டியலிலிருந்து அடித்தார். திட்டியிருந்தால் தேவலை.

மைமூனின் வீடு வரிசையில் கடைசி. மணி மூன்றரை. கீழே தோல் வாசனை, இரண்டு தையல் மிஷின், கட்டுக் கட்டாகப் பை வார்கள். அதிகாரி முகம் சுளித்தார். "இது பட்டறை. வீடு எங்கே?"

மைமூன் ஏணியைக் காட்டினார். பதினொரு படிகள். அதிகாரி ஏறினார், என்னையும் ஏறச் சொன்னார். மேலே நிமிர்ந்து நிற்க முடியாது. மடித்த பாய், அரிசி டின், ஈரத் துணி, ஒரு ஸ்டவ். அதிகாரி ஸ்டவ்வைத் தொட்டார். சில்லென்று இருந்தது. அன்று காலையிலிருந்து மைமூன் பயத்தில் எதுவும் சமைக்கவில்லை.

"பகலில் வந்து தைத்துவிட்டு இரவு மகள் வீட்டுக்குப் போய்விடுகிறார் என்றால் நான் என்ன செய்வது?" என்றார் அதிகாரி. "சர்வே அன்றும் பூட்டு. இன்றும் அடுப்பு சில்லென்று இருக்கிறது. பக்கத்து வீட்டு சாட்சி ஒருவர் வேண்டும். யார் பக்கத்து வீடு?"

பக்கத்து வீடு பொன்னுச்சாமி.

என்னால் கோட்டை இழந்தவர். மைமூனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது சந்துக்கே தெரியும். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஏணிக்குக் கீழே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மைமூன் அவர் பக்கம் திரும்பவே இல்லை, ஏணிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த அம்மாள் இங்கேதான் ராத்திரியும் இருக்கிறாரா?" அதிகாரி கேட்டார்.

பொன்னுச்சாமி என்னை முறைத்தார். பிறகு மைமூனை முறைத்தார்.

"இருக்காளாவா?" என்று இந்தியில் வெடித்தார். "மேடம், பத்து வருசமா நான் ஒழுங்காத் தூங்கல! ராத்திரி பதினோரு மணிக்கும் டடடடன்னு மிஷின ஓட்டுவா. காலைல அஞ்சுக்குத் திரும்ப ஆரம்பிப்பா. முனிசிபாலிட்டிக்கு ஒம்பது கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், ஒருத்தனும் வரல. பதினோரு நாள் மக வீட்டுக்குப் போனா பாருங்க, அந்தப் பதினோரு நாள்தான் நான் மனுசனாட்டம் தூங்குனேன். எங்கயும் போகமாட்டா மேடம் இவ. நீங்களாவது எங்கயாவது அனுப்புங்க!"

"கம்ப்ளைன்ட் நகல் இருக்கிறதா?"

ஒன்பதும் இருந்தன. தேதியோடு, முத்திரையோடு, பிளாஸ்டிக் உறையில். என்னைப் போல் ஒருவர் அந்தச் சந்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் 'இரவில்', 'இதே முகவரியில் வசிக்கும்' என்று பொன்னுச்சாமி அழுத்தமாக எழுதியிருந்தார். நாங்கள் கொடுத்த எந்தக் கடிதமும் இத்தனை தெளிவாக இருந்ததில்லை.

அதிகாரி தன் தாளில் எழுதினார். சாட்சியாகப் பொன்னுச்சாமி கையெழுத்துப் போட்டார். உடன் வந்தவர் என்ற இடத்தில் என்னைப் போடச் சொன்னார். மற்றவர் பெயரில் எத்தனையோ ஆயிரம் கடிதம் தயார் செய்தவன், பேனாவை வாங்கி என் பெயரை எழுதும்போது எழுத்து கோணிற்று.

இந்த வேலையில் உங்களுக்கும் ஒரு நாள் கட்டுக் கட்டாகக் காகிதம் வரும், பிரிக்கச் சொல்வார்கள். பிரித்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஒரு வாரத்தில் ஒரு மத்தியானமாவது எழுந்து போய் அந்தக் கதவுகளைப் பாருங்கள். மூட்டு வலிக்கும், செருப்பு போகும். போகட்டும்.

பெயின்டர் கதவில் நம்பரை எழுதினான். சிவப்பு எழுத்து, நான்கு இலக்கம். மைமூன் ஒவ்வொரு இலக்கமும் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி போய்விட்டார், பொன்னுச்சாமி போய்விட்டார். மைமூன் என்னிடம் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் மைமூன். "காலைலருந்து ஒரு பை கூட முடிக்கல. நாளைக்குச் சரக்குப் போணும்."

பெயின்ட் ஈரமாக இருந்தது. கதவை அவர் இரண்டு விரல்களால், ஓரத்தைப் பிடித்து, மெதுவாகச் சாத்தினார். உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்தது.